பேரொலியும் பெருந்தன்மையும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



ஆண்டு விழாவிலே பேச வருவோர் பக்தியைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ பேசுவது வழக்கம். எனக்குத் தரப்பட்ட பொருளோ ஒரு பெட்டி. இளைஞர்கள் ‘சப்வூபர்’ என்றும் ‘பேஸ் பெட்டி’ என்றும் சொல்லுகின்ற, அடித்தொனியை மாத்திரம் எழுப்புகின்ற, அம்பிளிபயரை உள்ளேயே கொண்ட ஒலிபெருக்கிப் பெட்டி. நமது சங்கம் அத்தகைய பெட்டிகளை வாங்க எண்ணியிருக்கின்றது. இளைஞர்கள் நான்கு வேண்டும் என்கிறார்கள். பெரியோர்கள் ஒன்றும் வேண்டாம் என்கிறார்கள். இரு சாராரும் கோபங் கொள்ளாவண்ணம் பேசுவது அரிது. ஆயினும் முயன்று பார்க்கின்றேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலயத் திருவிழாவின் இறுதி நாளிரவு, சுவாமி இருப்புக்கு வந்தபின், வெளிவீதியில் இன்னிசை நிகழ்ச்சி நடைபெற்றது. ஒலியைக் கட்டுப்படுத்தும் மேசையில் இருந்தவன் நான். இரவலாகப் பெற்ற இரண்டு பெரிய பெட்டிகளை மேடையின் இருபுறமும் நிறுத்தி, இரவு ஒரு மணிவரை நிலம் அதிர அடித்தோம். மறுநாட் காலை, மேடைக்குப் பின்வளவில் வாழும் அம்மையார் ஒருவர் என்னை மறித்தார். அவர் ஏசவில்லை. “தம்பி, பாட்டு ஒண்டும் விளங்கேல்லை. ஆனால் ஐயாவின்ரை கட்டில் மட்டும் சாமம் முழுக்க அதிர்ந்து கொண்டிருந்தது” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஐயா மாதக்கணக்காகப் படுக்கையிலிருந்தவர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நினையாதிருந்தேன்.

பாட்டு ஏன் அவ்வீட்டுக்குப் போகவில்லை? அதிர்வு மாத்திரம் ஏன் போயிற்று? இந்த இரண்டு வினாக்களுக்கும் விடை கண்டவனே பெட்டி வாங்கத் தகுதியுடையவன் என்பது என் கருத்து.

ஒலி நமது வெப்பத்தில் செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர் செல்லுகின்றது. செக்கனுக்கு 50 தடவை அதிரும் அடித்தொனியின் அலைநீளம், ஆதலின், 7 மீற்றர். செக்கனுக்கு 3500 தடவை அதிரும், சொல்லைத் தெளிவாக்குகின்ற மேற்றொனியின் அலைநீளமோ 10 சென்ரிமீற்றர்தான். சிறிய அலையை மதில் தடுக்கும். மரஞ்செடிகளும் ஓரளவு குறைக்கும். ஏழு மீற்றர் அலைக்கு நமது மதிலும் கிடுகுவேலியும் ஒரு பொருட்டன்று. அது வளைந்து செல்லும், சுவரினூடும் புகும். மேலும், மூன்றடிக்கும் குறைவான பெட்டியிலிருந்து அத்துணை நீண்ட அலை புறப்படுமானால் அது முன்னோக்கி மாத்திரம் போகாது. பெட்டியின் முகம் சபையை நோக்கியிருப்பினும், ஒலி நான்கு திக்கும் ஏறக்குறைய ஒரே அளவாகப் பரவும். பாட்டு சபைக்கும் அதிர்வு ஐயாவின் கட்டிலுக்கும் போன காரணம் இதுவே.

இளைஞர்களின் ஆசையையும் நான் குறைத்துப் பேசேன். 1990களின் முற்பகுதியிலே யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி இருந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோ மின்னில் வானொலி கேட்டவர்கள் நாம். ஒலிக்கு ஏங்கியவர்களின் பிள்ளைகள் பேரொலியை விரும்புவதில் வியப்பில்லை. உலகெங்கும் இதுவே கதை. ஜமெய்க்கா நாட்டின் கிங்ஸ்ரன் நகரில் 1950களிலேயே பெரும் பெட்டிகளைத் தெருவில் அடுக்கி ஆடல் நிகழ்ச்சிகள் நடத்தினர். 1974ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஏர்த்குவேக்’ என்னும் அமெரிக்கப் படத்துக்காகத் திரையரங்குகளில் பெரிய அடித்தொனிப் பெட்டிகளை வைத்து, பூமியதிர்ச்சியைப் பார்ப்போர் உடம்பிலே உணரச் செய்தனர். அடித்தொனியைச் செவி மட்டுமன்று, மார்பும் கேட்கின்றது. அதுவே அதன் இன்பம். அதுவே அதன் ஆபத்தும்.

ஆனால் நமது மண் பெட்டிகளுக்கு முன்பே முழக்கம் அறிந்த மண். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி அவர்கள், 1933ஆம் ஆண்டு பிறந்து 1975ஆம் ஆண்டு மறைந்தவர், தவிலினால் ஈழத்தையும் தமிழகத்தையும் வியக்க வைத்தார். பலாமரக் கொட்டும், தோலும், பூவரசங்கழியும், விரற்கூடுகளுமே அந்த முழக்கத்தின் கருவிகள். வீதியில் ஒரு நல்ல மேளச்சமா நடக்கும்போது அதற்குச் சப்வூபர் தேவையே இல்லை. ஆதலின் பெட்டி தெரிவதற்கு முதலாவது விதி இதுதான்: எதற்கு வேண்டும் என்று முன்னரே முடிவு செய்க.

ஆண்குரலின் அடிச்சுருதி செக்கனுக்கு 80 அல்லது 100 அதிர்வுக்குக் கீழே அரிதாகவே இறங்கும். எனவே பண்ணிசைக்கும், கதாப்பிரசங்கத்துக்கும், பட்டிமன்றத்துக்கும், நாதசுரத்துக்கும் சாதாரணப் பெட்டிகளே போதும். அங்கே சப்வூபரைத் திறந்துவிட்டால் ஒலிவாங்கியில் மோதும் காற்றும், மேடையிலே காலடி ஓசையும், பேச்சாளர் மூச்சும் இடிபோலக் கேட்குமேயன்றி வேறு பயனில்லை. இன்னிசைக் குழுவின் பேஸ் கிற்றார் செக்கனுக்கு 41 அதிர்வுவரை இறங்கும். டிஜே இசையின் தாளமோ பெரும்பாலும் 40 முதல் 60 வரையிலேயே உயிர் வைத்திருக்கும். அவற்றுக்குச் சப்வூபர் வேண்டும்.

இரண்டாவது விதி: வாற்றைக் கண்டு மயங்காதீர்கள். கடைக்குப் போகும் இளைஞன் முதலிற் கேட்பது “எத்தனை வாற்ஸ்?” என்பதே. யமகா டிஎக்ஸ்எஸ் 18 என்னும் பெட்டிக்கு 1020 வாற்று என்றும், கியூஎஸ்சி கேஎஸ் 118 என்னும் பெட்டிக்கு 3600 வாற்று என்றும் அவற்றைச் செய்தவர்களே குறிக்கின்றனர். இரண்டிலும் 18 அங்குலக் கூம்பு. இரண்டும் எழுப்பக்கூடிய உச்ச ஒலி ஏறக்குறைய ஒன்றே. காரணம், ஒருவர் அளவிட்ட முறை வேறு, மற்றவர் அளவிட்ட முறை வேறு. அன்றியும், கூம்பும் பெட்டியும் மின்னை எவ்வளவு திறமையாக ஒலியாக்குகின்றன என்பதும் வேறு. மின்வலுவை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபெல் மாத்திரமே கூடும். செவிக்கு இருமடங்காகத் தோன்ற 10 டெசிபெல் வேண்டும். ஆதலின், ஒரு மீற்றர் தூரத்தில் உச்ச ஒலி எத்தனை டெசிபெல் என்று கேளுங்கள். எவ்வளவு கீழே இறங்கும் என்றும் கேளுங்கள். அதற்கு விடை வந்தால், அந்த இடத்தில் ஒலி எத்தனை டெசிபெல் குறைந்திருக்கும் என்றும் கேளுங்கள். மூன்று டெசிபெல் குறைவில் 40 என்பதும் பத்து டெசிபெல் குறைவில் 40 என்பதும் ஒன்றல்ல.

மூன்றாவது விதி: பெட்டிக்குள் இருக்கும் அறிவைப் பாருங்கள். அம்பிளிபயரைத் தன்னகத்தே கொண்ட பெட்டியின் சிறப்பு, கூம்புக்கேற்ற வலுவும் காவலும் முன்னரே பொருத்தப்பட்டிருப்பதாகும். உற்சாக மிகுதியால் ஒருவர் முழுவதும் திறந்துவிட்டாலும், கூம்பு கிழியாமல் தடுக்கும் ஏற்பாடு உள்ளே இருத்தல் வேண்டும். மேற்பெட்டிக்கு மேற்றொனியையும் கீழ்ப்பெட்டிக்கு அடித்தொனியையும் பிரித்தனுப்பும் வசதி வேண்டும். 80 முதல் 120 வரை அந்த எல்லையை மாற்றக்கூடியதாயின் நன்று. எல்லாவற்றிலும் மேலாக, நான் முன்னே சொன்ன இரு பெட்டிகளிலும் உள்ளதுபோல, இரண்டு பெட்டிகளைச் சேர்த்துப் பின்பக்க ஒலியைத் தணிக்கும் அமைப்பு இருக்கின்றதா என்று பாருங்கள். ஆங்கிலத்தில் இதனைக் ‘கார்டியொயிட்’ என்பர். ஒரு பெட்டியின் ஒலி மற்றதன் ஒலியைப் பின்புறத்திலே அழிக்குமாறு செய்யும் உபாயம் அது. மேடைக்குப் பின்னே இருப்பவருக்கு அடித்தொனி வெகுவாகக் குறையும். அன்று எனக்கு இந்த உபாயம் தெரிந்திருந்தால் அந்தக் கட்டில் அவ்வளவு அதிர்ந்திராது.

நான்காவது விதி: சுமையையும் மின்னையும் பராமரிப்பையும் எண்ணுங்கள். இத்தகைய பெட்டியொன்று ஏறக்குறைய 50 கிலோ நிறையுடையது. லாண்ட்மாஸ்ரரில் ஏற்றி இறக்குவதற்கு எப்போதும் இருவர் வேண்டும். சில்லும் உறையும் உடன் வாங்குங்கள். உள்ளேயுள்ள மின்னணுப் பலகைக்குக் கடற்காற்றின் உப்பும் மார்கழி ஈரமும் பகை. பழுதானால் அப்பலகை இந்நாட்டிலே கிடைக்குமா என்று வாங்குமுன் கேளுங்கள். பெயரை மாத்திரம் ஒட்டிய போலிப் பெட்டிகளும் உண்டு. ஆதலின் பற்றுச்சீட்டும் உத்தரவாதமும் இன்றி வாங்காதீர்கள். மெல்லிய வயரை நீளமாக இழுத்தால் தாளத்துக்குத் தாளம் மின்னழுத்தம் விழும். தடித்த வயரும், நில இணைப்பும், ட்ரிப் சுவிச்சும் இன்றி மழை நாளில் ஒரு பெட்டியையும் முடுக்க வேண்டாம். பெட்டி போனால் வாங்கலாம். பிள்ளை போனால் வாங்க முடியாது.

இனி, வாங்கிய பெட்டியை எங்கே வைப்பது? அன்று நான் செய்ததுபோல இருபுறமும் பிரித்து வைத்தால், இரண்டிலிருந்தும் வரும் அலைகள் சபையிலே ஓரிடத்திற் கூடி, ஓரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கும். நடுவிலிருப்பவர் நெஞ்சைப் பிடிப்பார். ஓரத்திலிருப்பவர் ஒன்றும் கேட்கவில்லை என்பார். அவருக்காக நாம் இன்னும் கூட்டுவோம். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து மேடையின் முன்னே நிலத்தில் வைத்தால், ஒரு பெட்டியிலும் 6 டெசிபெல் கூடுதலாகவும் எங்கும் சமமாகவும் ஒலி கிடைக்கும். அங்ஙனமாயின் நான்கு பெட்டிக்குப் பணம் ஏன்?

வெட்டவெளியிலே தூரம் இரட்டிப்பாகும்தோறும் 6 டெசிபெல் குறையும். ஒரு மீற்றரில் 120 ஆனது 2 மீற்றரில் 114. 32 மீற்றரில் 90. பின்வரிசைக்குப் போதுமான ஒலி, பெட்டியோடு சாய்ந்து நிற்கும் சிறுபிள்ளைக்கு நஞ்சு. உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட விதிமுறையிலே, நிகழ்ச்சிகளின் சராசரி ஒலி 100 டெசிபெலைத் தாண்டலாகாது என்று கூறியுள்ளது. ஆகவே பெட்டியின் முன்னே சில யார் தூரத்துக்குக் கயிறு கட்டுங்கள். கைத்தொலைபேசியில் அளந்து “எழுபதுதான்” என்று வாதிடாதீர்கள். வழக்கமான ‘ஏ’ அளவையிலே செக்கனுக்கு 50 அதிர்வுள்ள தொனி 30 டெசிபெல் குறைத்தே காட்டப்படும். அடித்தொனியை அளக்கச் ‘சீ’ அளவை வேண்டும்.

சட்டமும் உண்டு. 2007ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நமது நாட்டின் உயர் நீதிமன்றம், இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்றும், விசேட வைபவங்களுக்குக்கூட அயலவரின் கருத்தை அறிந்த பின்னரே வழங்கலாம் என்றும் பணித்தது. எந்தச் சமயத்தவருக்கும் இது பொது. ஆனால் சட்டத்துக்குப் பயந்துதான் அயலவரை நினைக்க வேண்டுமா? ஆலயத்துக்கு எது தகும், எது தகாது என்று நாவலர் பெருமான் தம் காலத்திலே அஞ்சாது கேட்டார். இறைவனை நாத வடிவினனாக வழிபடும் நாம், நாதத்தைப் பிறருக்குத் துன்பமாக்கலாமா என்று இன்று நம்மை நாமே கேட்க வேண்டும்.

பெரியோர்களே, இளைஞர்கள் இசை வேண்டுமென்று கேட்பது குற்றமன்று. அதை மறுத்தால் அவர்கள் வேறிடந் தேடிப் போவார்கள். இளைஞர்களே, இந்தப் பெட்டிக்கான பணம் கனடாவிலும் சுவிசிலும் இலண்டனிலும் நம்மவர் உழைத்து அனுப்பியது. அயல்வீட்டு முதியவரின் உறக்கத்தைக் கெடுப்பதற்கு அவர்கள் அதை அனுப்பவில்லை.

ஆதலின் என் ஆலோசனை இது. நான்கும் வேண்டாம், ஒன்றும் இல்லையென்பதும் வேண்டாம். பின்புற ஒலியைத் தணிக்கும் வசதியுள்ள 18 அங்குலப் பெட்டிகள் இரண்டு வாங்குவோம். மிச்சப் பணத்தில் நல்ல வயரும், நல்ல ஒலிவாங்கிகளும் வாங்குவோம். மேளச்சமாவின்போதும் பண்ணிசையின்போதும் அவை மௌனமாக இருக்கட்டும். பத்து மணிக்கு ஆளியை அணைக்கும் பொறுப்பை ஓர் இளைஞனிடமே கொடுப்போம். வாங்குமுன் கடையிலே அரைமணி நேரம் உரக்கவும் அரைமணி நேரம் மெதுவாகவும் இயக்கிக் கேட்போம். மெதுவாக ஒலிக்கும்போதும் தாளம் தெளிவாக விளங்கும் பெட்டியே நல்ல பெட்டி.

இன்னுமொன்று. நிகழ்ச்சி தொடங்கி ஒலியைச் சரிசெய்தபின், மேசையில் இருப்பவர் எழுந்து மேடைக்குப் பின்வளவுக்குப் போய், ஒரு நிமிடம் அங்கே நிற்க வேண்டும். நான் இப்போது ஒவ்வொரு முறையும் அப்படியே செய்கின்றேன். அந்த ஐயா இன்று இல்லை. அம்மையார் படலையடிக்கு வந்து, “இண்டைக்குப் பாட்டு விளங்குது, தம்பி” என்று சொல்லும் நாளிலே, நான் மனநிறைவோடு மேசைக்குத் திரும்புகின்றேன்.