ஈயப் புகையும் பிள்ளைப் பேறும்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் பேசியது)



கல்யாணமாகி நாலு வருஷம் பிள்ளை இல்லையென்றால் ஊர் யாரைக் கேட்கிறது? பெண்ணைத்தான் கேட்கிறது. மலடி என்று பெயர் வைத்து, கோயில் கோயிலாக, வைத்தியர் வைத்தியராக அவளை அலைய விடுகிறார்கள். புருஷனையும் பரிசோதிக்க வேண்டுமென்றால் வீட்டிலே சண்டை. ஆனால் பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் குறை இருக்கிறது. காரணங்கள் பல. அவற்றில் ஒன்று அவன் பார்க்கும் வேலை. யாரும் கூச்சப்பட வேண்டாம். இதுவும் கூலிப் பிரச்னையைப் போன்ற பிரச்னைதான்.

பேட்டரி ஆலையை எடுத்துக்கொள்வோம். லாரி, டிராக்டர் பேட்டரிக்குள் இருப்பது ஈயத் தகடு. ஈயத்தை உருக்கினால் புகை. தகட்டைத் தேய்த்தால் தூள். அது மூச்சோடு உள்ளே போகிறது. கழுவாத கையால் சோறு தின்றாலும், பீடி பிடித்தாலும் வாய் வழியாகப் போகிறது. ரத்தத்தில் சில வாரம் சுற்றிவிட்டு எலும்பில் தங்கிவிடுகிறது. பல வருஷம் கழித்தும் அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது.

எண்ணெயைத் திறந்து வைத்தால் காற்றுப்பட்டுச் சிக்கு வாடை அடிக்கிறதல்லவா? ஆணின் விந்திலுள்ள உயிரணுவின் மேல்தோல் அப்படி எளிதில் கெடும் கொழுப்பால் ஆனது. உடம்பில் பிராணவாயு செலவாகும்போது, எதையும் அரிக்கக்கூடிய சில சிதறல்கள் பிறக்கின்றன. அவற்றை அடக்கும் பொருள்களும் உடம்பில் உண்டு. ஈயம் சிதறல்களைப் பெருக்குகிறது; அடக்கும் பொருள்களையோ பிடித்து முடக்கிவிடுகிறது. உயிரணுவோ மிகச் சிறியது. தற்காப்புச் சரக்கு அதனிடம் குறைவு. ஆகவே அதன் தோல் கெடுகிறது, வாலின் துடிப்புத் தளர்கிறது, உள்ளிருக்கும் மரபுப் பொருளும் சேதமாகிறது. ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் என்று விஞ்ஞானிகள் சொல்வது இதைத்தான். வெளிப்பார்வைக்கு ஆள் திடமாகவே இருப்பான்.

1975ல் வெளிவந்த ஆய்வு ஒன்று ருமேனியாவின் பேட்டரித் தொழிலாளர் உள்பட 150 பேரைப் பற்றியது. உடம்பில் ஈயம் ஏறியவர்களிடம் உயிரணு குறைந்திருந்தது, வேகம் தளர்ந்திருந்தது, உருவம் கோணியிருந்தது. அப்போது அது சோஷலிஸ்ட் நாடு. ஆலை யாருடையது என்று ஈயம் பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் ஜான்சன் கண்ட்ரோல்ஸ் என்ற பேட்டரிக் கம்பெனி செய்ததைக் கேளுங்கள். 1982ல், பிள்ளை பெறமுடியாது என்று டாக்டர் சீட்டு இல்லாத பெண் எவரும் ஈய வேலைக்கு வரக்கூடாது என்று உத்தரவு போட்டது. வேலை போய்விடுமே என்று ஒரு பெண் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டாள்! 50 வயதுப் பெண் ஒருத்தியைக் குறைந்த சம்பள வேலைக்கு மாற்றினார்கள். ஆண்களுக்கு? அங்கே ஒரு தொழிலாளி, தான் தகப்பனாக விரும்புவதாகவும், ரத்தத்தில் ஈயம் குறைய லீவு வேண்டுமென்றும் கேட்டான். மறுத்துவிட்டார்கள். கருவிலுள்ள குழந்தைக்காகக் கண்ணீர் விட்ட கம்பெனிக்குத் தகப்பனின் விந்து கண்ணில் படவில்லை. காற்றைச் சுத்தப்படுத்தச் செலவாகும். பெண்ணை வெளியே நிறுத்தச் செலவில்லை. சங்கம் வழக்குத் தொடுத்தது. இரண்டு கோர்ட்டில் தோற்று, 1991ல் சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தது. ஈயம் ஆணையும் கெடுக்கும் என்பதற்குச் சாட்சியம் இருக்க, பெண்ணை மட்டும் விலக்கியது பாரபட்சம் என்று தீர்ப்பாயிற்று.

விவசாயத் தோழர்களே, இது ஆலைக்காரர் பாடு என்று இருந்துவிடாதீர்கள். பழைய பேட்டரியை உடைத்து உருக்கும் கொட்டகையை ஊர் ஓரத்தில் போட்டால் புகை வயலிலும் குளத்திலும் விழும். வேலைக்காரன் சட்டையில் ஒட்டிய தூள் வீட்டுக்கு வந்து, துவைக்கிற மனைவிக்கும் தவழ்கிற குழந்தைக்கும் சேரும்.

நாம் கேட்க வேண்டியது இதுதான். புகையை இழுத்து வெளியேற்றும் விசிறி. வேலை நேரத்திலேயே குளியல். ஆலையிலேயே துணி வெளுப்பு. ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்ற சீட்டு தொழிலாளியின் கையில். புதிய உயிரணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். ஆகவே ஈயத்தை விட்டு விலகியவனை அடுத்த வாரமே சோதித்துப் பயனில்லை, மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். அதுவரை வேறு பகுதியில் வேலை, முழுச் சம்பளத்தோடு. ரத்தத்தில் ஈயம் வரம்பு மீறியவனை மாற்றினால் 18 மாதம் வரை சம்பளம் குறையக்கூடாது என்று 1978லேயே அமெரிக்க விதி சொல்லியிருக்கிறது.