முகிலன்று, மீன்கள்!
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நிலவில்லா இரவில், நகர் விளக்குகளுக்கு அப்பால் ஒதுங்கி நின்று வானை நோக்குவார்க்கு, ஆந்திரோமீடா என்னும் மீன்குழுவிடையே வெண்புகை போன்ற சிறு திட்டு ஒன்று தென்படும். வெறுங்கண்ணுக்கு எளிதில் எட்டுவனவற்றுள் மிகத் தொலைவிலுள்ளது அதுவே. அதன் தொலைவு ஏறத்தாழ 25 இலக்கம் ஒளியாண்டு. இன்று கண்ணிற்படும் அவ்வொளி அங்கிருந்து புறப்பட்ட நாளில், இன்றைய மாந்தன் இந்நிலவுலகில் தோன்றியிருக்கவே இல்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அத்திட்டினை மாந்தன் பார்த்தான், பார்த்தும் அறிந்தானல்லன். அது புகையா? முகிலா? மீன்களின் திரளா? இவ்வினாவிற்கு விடை கிடைத்தது 20ஆம் நூற்றாண்டில்தான். அவ்விடை யார் உழைப்பின்மேல் எழுந்தது என்பதே இங்கு எண்ணத்தக்கது.

1920 ஏப்பிரலில் வாசிங்டன் நகரில் அறிஞர் இருவர் சொற்போர் தொடுத்தனர். இத்தகைய முகில்கள் பால்வழிக்குப் புறம்பான தனித் திரள்கள் அல்ல என்றார் ஆர்லோ சேப்பிளி. தனித் திரள்களே என்றார் ஈபர் கர்ட்டிசு. சொற்போர் முடிந்தது, வழக்கு முடியவில்லை. அளவுகோல் இல்லாமையால் அன்று, கோல் இருந்தது. அக்கோலை வைத்து அளத்தற்குரிய தனிமீன் ஒன்று ஆந்திரோமீடா முகிலினுள் அகப்படாமையே குறை.

அக்கோலை ஆக்கித் தந்தவர் என்றியெட்டா இலெவிட்டு என்னும் அம்மையார். ஆர்வர்டு விண்ணோக்கு நிலையத்தில் முதலில் கூலியின்றியும், பின்னர் மணிக்கு 30 செண்டுக் கூலிக்கும் உழைத்தவர். செவிப்புலன் குன்றியவர். தொலைநோக்கி ஆடவர்க்குரியதாய் இருந்தது. அம்மையார்க்குக் கிடைத்தவை பெரு நாட்டின் அரெக்கிப்பாவிலிருந்து வந்த ஒளிப்படக் கண்ணாடித் தகடுகள். வெவ்வேறு நாட்களில் எடுத்த தகடுகளை ஒப்பிட்டு, எம்மீன் ஒளி குறைந்தது, எம்மீன் ஒளி மிகுந்தது என்று புள்ளி புள்ளியாகக் கணக்கெடுத்தார். இரு மகெல்லன் முகில்களிலும் அவர் கண்ட ஒளிமாறு மீன்கள் 1,777. அப்பட்டியல் 1908இல் வெளிவந்தது. அவ்விரு முகில்களும் பால்வழிக்கு அப்பாற்பட்ட மீன்திரள்கள் என்பதை அன்று உலகம் உணர்ந்திருக்கவில்லை. அயல் திரளின் மீன்களை ஒவ்வொன்றாக எண்ணிக் குறித்த அப்பணி, அதன் முழுப்பொருளும் விளங்கா முன்னரே தொடங்கிவிட்டது!

தொலைவிலுள்ள குன்றின்மேல் விளக்குகள் எரிவதாகக் கொள்வோம். அவை யாவும் பார்ப்பவனிடமிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் உள்ளன. ஆகவே, கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது உண்மையிலும் பெருவிளக்கே. மகெல்லன் முகிலின் மீன்களும் அத்தகையனவே. அவற்றுள் 25 மீன்களை ஆய்ந்த அம்மையார், ஒளி மிக்க மீன் மெல்லத் துடிக்கிறது, ஒளி குறைந்த மீன் விரைந்து துடிக்கிறது என்னும் நெறியை 1912இல் நிறுவினார். துடிப்பின் கால அளவு தெரிந்தால் உண்மை ஒளி தெரியும். உண்மை ஒளியைத் தோன்றும் ஒளியோடு ஒப்பிட்டால் தொலைவு தெரியும். அவ்வறிக்கை நிலையத் தலைவரின் ஒப்பத்துடன் வெளிவந்தது. ஆய்ந்தெழுதியவர் இலெவிட்டு என்பது அதன் தொடக்கத்தில் ஒரு குறிப்பாக நின்றது.

1923 அக்டோபரில் வில்சன்மலையின் 100 விரலத் (அங்குலத்) தொலைநோக்கியால் ஆந்திரோமீடாவைப் படம்பிடித்தார் எட்வின் அபிள். ஒரு புள்ளியைப் 'புதிதாய் வெடித்த மீன்' என்று தகட்டில் குறித்தார். பழந்தகடுகளோடு ஒப்பிட்டபோது, அது மங்கி மங்கி மீண்டும் ஒளிர்வது தெரிந்தது. முதற்குறிப்பை அடித்துவிட்டு 'மாறுமீன்!' என்று எழுதினார். அதன் துடிப்பு ஏறத்தாழ 31 நாள். இலெவிட்டின் கோலை வைத்து அளந்தார். முகில் பால்வழிக்கு மிக அப்பால் நின்றது. ஒரேயொரு மீன், உலகின் எல்லையைப் பெயர்த்து வைத்தது!

அச்செய்தியைக் கேட்க இலெவிட்டு இல்லை. 1921 திசம்பர் 12இல், 53ஆம் அகவையில், புற்றுநோயால் மறைந்துவிட்டார். 1925இல் சுவீடிய நாட்டுக் கணக்கறிஞர் மிட்டாக்கு இலெப்ளர், அவரை நோபல் பரிசுக்கு முன்மொழிய விரும்பி மடல் எழுதினார். மடல் சென்று சேர்ந்த இடத்தில் அம்மையார் இல்லை. மறைந்தார்க்கு அப்பரிசும் இல்லை.

பின்னர் இரண்டாம் உலகப்போர் மூண்டது. செருமனியில் பிறந்தமையால் பகைநாட்டார் எனக் கருதப்பட்ட வால்ட்டர் பாடே, வில்சன்மலையில் ஆய்வைத் தொடர்ந்தார். போர் அச்சத்தால் இலாசு ஏஞ்செலிசு நகரின் விளக்குகள் அணைக்கப்பட்ட இருளில், அதுவரை வெறும் ஒளிப்படலமாய் இருந்த ஆந்திரோமீடாவின் நடுப்பகுதியைத் தனித்தனிச் செம்மீன்களாகப் பிரித்துக் காட்டினார். 1944இல் மீன்கள் இருவகையின எனக் கூறினார். துடிக்கும் மீன்களும் இருவகையினவே எனத் தெளிந்தபோது பழைய அளவை பிழைபட்டது. ஆந்திரோமீடாவின் தொலைவை இருமடங்காக்க வேண்டும் என 1952இல் உரோமில் அறிவித்தார். மீன்களைத் தனித்தனியே பார்த்த கண், முன்னோர் கணக்கையும் திருத்தியது.

இன்றோ, அபிளின் பெயர் தாங்கிய விண்தொலைநோக்கி பத்தாண்டுக்கு மேலாக எடுத்த 600க்கும் மிகுந்த படங்களை இணைத்து, ஆந்திரோமீடாவின் முழுப்படம் 2025இல் வெளியிடப்பட்டது. அதில் தனித்துத் தெரியும் மீன்கள் ஏறத்தாழ 20 கோடி. அவையும் ஞாயிற்றினும் ஒளிமிக்கவையே. அத்திரளின் மொத்த மீன்கள் ஓர் இலக்கம் கோடி என மதிப்பிடுவர். எனவே கண்டது ஐயாயிரத்தில் ஒன்று! எஞ்சியவை இன்னும் முகிலாகவே உள்ளன.

அதே 2025இல், வெப்பு விண்தொலைநோக்கியின் படங்களிலிருந்து வேறொரு செய்தி வந்தது. ஏபெல் 370 என்னும் திரள்கூட்டத்தின் ஈர்ப்பு, கண்ணாடி வில்லைபோல் ஒளியை வளைத்துப் பெருக்கிக் காட்டியமையால், 650 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள திரளொன்றில் 40க்கு மேற்பட்ட மீன்கள் தனித்தனியே அறியப்பட்டன. ஞாயிறு பிறக்கும் முன்னரே புறப்பட்ட ஒளி அது! அவற்றைக் கண்ட வழி யாது? ஓராண்டு இடைவிட்டு எடுத்த படங்களை ஒப்பிட்டு, எப்புள்ளி மாறிற்று எனத் தேடியதே. கூலிக்கு அமர்ந்து தகடுகளை ஒப்பிட்ட அந்த அம்மையாரின் வழியும் அதுவன்றோ?

அவையோரே! தொலைவில் நின்று பார்ப்பவனுக்கு எல்லாம் முகில். அணுகி, பொறுமையோடு ஒவ்வொன்றாய் எண்ணுபவனுக்கே மீன்கள். விண்ணுக்குப் பொருந்தும் இவ்வுண்மை, அவ்விண்ணை அளந்தவர்க்கும் பொருந்தும். பெரும்பெயர்களின் ஒளிப்படலத்தில் கலந்து மறைந்த உழைப்பாளரையும் தனித்தனியே பெயர் சொல்லிக் காண்பதே அறிவுக்கு அழகு. விண்தொலைநோக்கி அபிளின் பெயரைத் தாங்கட்டும். அவர் கையிலிருந்த கோலுக்கு இலெவிட்டு என்றே பெயர்.