முழங்கால் தூக்கியைக் கவனிப்போம்
(தோட்டத் தையல் வகுப்பில் ஆற்றிய உரை)



1992இல் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வந்தபோது தையல் வேலை நாட்டுப்புறங்களுக்கும் வந்தது. இன்று நம் தோட்டத்துப் பிள்ளைகளும் பல்லேகலைப் பக்கம் தையலுக்குப் போகிறார்கள்.

வீட்டு மெஷினில் பாதத்தைக் கையால் தூக்குகிறோம். பெக்டரி மெஷினிலோ, மேசைக்குக் கீழே உள்ள தட்டை வலது முழங்காலால் தள்ளினால் பாதம் எழும்பும். இரண்டு கையும் துணியிலேயே இருக்கும். அந்தத் தூக்கி கெட்டால் உருப்படி குறையும். நாள் முழுக்க எட்டித் தள்ளினால் காலும் இடுப்பும் வலிக்கும்.

பழுது பார்க்கும் முன் சுவிட்சை நிறுத்துங்க. கிளட்ச் மோட்டார் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சுற்றும்; அது ஓயும்வரை மிதியில் கால் வைக்காதீங்க.

முதலாவது, தட்டைப் பிடிக்கும் இஸ்குரு தளர்ந்திருக்கும். முழங்கால் எட்டாமல் தொடும் இடத்தில் தட்டை வைத்து இறுக்குங்க.

இரண்டாவது, மூட்டுகளில் நூல் தூசு அடைந்திருக்கும். துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க.

மூன்றாவது, உயரம். ஜூகி 8700 மெஷினில் வழக்கமாக 10 மில்லிமீட்டர், கூடினால் 13. பத்துக்கு மேல் வைத்தால் பாதத்தைத் தூக்கியபடி சக்கரத்தைக் கையால் சுற்றி, ஊசித்தண்டு பாதத்தில் இடிக்கிறதா என்று பாருங்க. காலை எடுத்ததும் பாதம் முழுதாக இறங்கவும் வேண்டும். இல்லாவிட்டால் துணி சரியாக நகராது.

பெக்டரியில் நீங்களே கழற்றாமல் மெக்கானிக்கிடம் சொல்லுங்க. சொல்லக் கூச்சம் வேண்டாம்.

பெற்றோரே, பிள்ளை "கால் வலிக்குது" என்றால் தைலம் தேய்ப்பதோடு விடாதீங்க. தூக்கி எப்படியிருக்கு என்றும் கேளுங்க.