மீதியை யார் செய்வது?

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவிதை குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். ஒரு பெட்டியைப் பற்றிப் பேசி அவ்வழியே கவிதைக்கு வர அனுமதி வேண்டுகிறேன். அட்டையால் செய்து, மேலே செயற்கைத் தோல் ஒட்டி, முன்புறம் ஒரு சிறு கண்ணும் கூடவே ஒரு நெம்புகோலும் பொருத்திய பெட்டி அது. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் இயங்கிய ஈஸ்ட்மன் கோடக் நிறுவனம் 1900ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் பிரௌனி. விலை ஒரு டாலர். ஆறு படம் எடுக்கும் சுருளுக்கு 15 சென்ட்.

நம் கூட்டங்களில் பத்தாண்டுகளாக ஓயாத வழக்கு ஒன்று உண்டு. கவிதை எழுதுவது இத்தனை எளிதாகிவிட்டதே, இது நன்மையா, கேடா என்பதே அது. இதே வழக்கைப் புகைப்படக்கலை நூறாண்டுக்கு முன்பே நடத்திப் பார்த்துவிட்டது. அதன் சாட்சியங்கள் நமக்கு உதவும் என்று நம்புகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் படம் எடுக்க விரும்பியவர் பாதி வேதியியலாளராகவும் இருக்க வேண்டியிருந்தது. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படம் பிடித்து, அங்கேயே கழுவ வேண்டும். வெளியூர் போனால் இருட்டறையையும் கூடாரமாகச் சுமந்து போக வேண்டும். ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888இல் இந்தச் சுமையை இறக்கி வைத்தார். அவருடைய முதல் கோடக் காமிராவில் நூறு படத்துக்கான சுருளை முன்பே இட்டுத் தந்தார்கள். எடுத்து முடித்ததும் காமிராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிடலாம். பொத்தானை நீங்கள் அழுத்துங்கள், மீதியை நாங்கள் செய்கிறோம் என்பதே விளம்பரம். ஆயினும் அதன் விலை 25 டாலர், எளியவர்க்கு எட்டாதது. ஃபிராங்க் பிரௌனெல் வடிவமைத்த பிரௌனிதான் அதைச் சிறுவர் கைக்கும் கொண்டு சேர்த்தது. பாமர் காக்ஸ் வரைந்து புகழ்பெற்ற குறும்புக் குட்டிச்சாத்தான்களின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். முதல் ஆண்டிலேயே ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது.

1901இல் வந்த இரண்டாம் எண் பிரௌனியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஒரு சுருளில் சில படங்களே. தூரத்துக்கு ஏற்பக் குவியத்தை மாற்ற வழியில்லை. சில அடி தள்ளி நிற்பதே வழி. கையில் பிடித்து எடுக்கும் படத்துக்கு ஷட்டரின் வேகம் ஒன்றுதான். ஆகவே நல்ல வெயில் வேண்டும். எடுப்பவர் கதிரவனுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். பழைய குடும்பப் படங்களில் பலரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். பெட்டியை இடுப்பளவில் பிடித்து, தலை குனிந்து, மேலே உள்ள சிறு கண்ணாடியில் பார்க்க வேண்டும். அதில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும். சுருளைத் திருப்ப மறந்தால் ஒரு படத்தின்மேல் இன்னொரு படம் விழும். தடுக்கும் பொறி எதுவும் கிடையாது.

இந்தப் பெட்டி, படம் எடுப்பவரிடமிருந்து ஏறக்குறைய எல்லாத் தேர்வுகளையும் எடுத்துக்கொண்டது. மூன்றை மட்டும் விட்டுவைத்தது: எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது, எப்போது அழுத்துவது. சில முறைதான் அழுத்த முடியும் என்பதால் அந்த மூன்றுக்கும் மதிப்பு இருந்தது.

எதிர்ப்பும் எழாமல் இல்லை. புகைப்படம் கலையென்று ஏற்கப்பட வேண்டும் எனப் போராடியவர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ். உழைப்பும் அறிவும் அதிகம் வேண்டாத கருவி பொதுமக்கள் கைக்கு வந்ததால் படங்கள் மில்லியன்கணக்கில் பெருகி, அக்கலையின் மதிப்பே சரிந்தது என்று 1899இல் அவர் எழுதினார். நம் மூத்த கவிஞர்கள் சிலர் புதுக்கவிதை பற்றிச் சொன்னது காதில் ஒலிக்கிறதல்லவா? ஆனால் அதே ஸ்டீக்லிட்ஸ் 1893 பிப்ரவரியில், கையில் பிடிக்கும் சிறு காமிராவை இரவல் வாங்கிக்கொண்டு, நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் பனிப்புயலில் மூன்று மணி நேரம் நின்றார். அப்படி நின்று எடுத்த படம் இன்றும் போற்றப்படுகிறது. ஆக, அவருடைய சினம் கருவியின்மேல் அன்று. காத்திருக்க மறுத்த கையின்மேல்தான்.

இனி மறுதரப்புச் சாட்சி. 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பலிலிருந்து தப்பியோரைக் கார்பேதியா என்ற கப்பல் ஏற்றிக்கொண்டது. அக்கப்பலில் பெர்னிஸ் பாமர் என்ற பதினேழு வயதுப் பெண் ஒரு பிரௌனியோடு பயணம் செய்துகொண்டிருந்தார். பனிப்பாறையையும், மேல்தளத்தில் துயரோடு நின்ற மக்களையும் படமெடுத்தார். கலைப் பயிற்சி எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. அந்த இடத்தில் இருந்தார், முகம் திருப்பாமல் பார்த்தார். அருமை அறியாமல் பத்து டாலருக்கு உரிமையைக் கொடுத்துவிட்ட அப்படங்கள் இன்று வரலாற்று ஆவணங்கள். அந்தக் காமிரா ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருக்கிறது. தகுதி பெற்றவர் மட்டுமே படமெடுக்கலாம் என்று விதி இருந்திருந்தால் அந்தக் காட்சிகள் நமக்குக் கிடைத்திரா.

மூன்றாமவர் ஆன்செல் ஆடம்ஸ். 1916இல், பதினான்கு வயதில், யோசமிட்டி பள்ளத்தாக்குக்குச் சென்றபோது அவர் கையில் இருந்ததும் பிரௌனிதான். அங்கே தொடங்கியவர் அங்கேயே நிற்கவில்லை. மீதியைப் பிறர் செய்யட்டும் என்று விடாமல் இருட்டறைக்குள் நுழைந்தார். ஒளியின் படிநிலைகளை அளந்து ஆளும் முறையொன்றைப் பிற்காலத்தில் வகுத்தார். நெகட்டிவ் பற்றித் தனி நூல், அச்சுப்படி பற்றித் தனி நூல் என எழுதினார்.

இம்மூவரையும் அருகருகே வைத்தால் வழக்கின் தீர்ப்பு தெரிகிறது. எளிமை வாசலைத் திறந்தது. அந்தத் திறப்பை நாம் பழிக்கக் கூடாது. யாப்பறியாத எத்தனையோ பேரின் வாழ்க்கை அவ்வழியே தமிழ்க் கவிதைக்குள் வந்திருக்கிறது. ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. பிரௌனியின் பொத்தானை அழுத்தியவருக்கு மீதியைச் செய்ய ராச்செஸ்டரில் ஒரு தொழிற்சாலை இருந்தது. நாம் யாப்பை இறக்கி வைத்தோம். அது செய்துவந்த வேலையை ஏற்க எந்தத் தொழிற்சாலையும் காத்திருக்கவில்லை. சொல்லை நிறுத்திப் பார்க்கவும், மிகையை வெட்டவும், ஓசையைக் கேட்கவும் மரபின் தளைகள் கவிஞரைக் கட்டாயப்படுத்தின. இன்று அந்தக் கட்டாயம் இல்லை. வேலை மட்டும் அப்படியே இருக்கிறது.

ஈஸ்ட்மனின் நிறுவனம் 2012இல் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்று, மறு ஆண்டு மீண்டது. இன்று கைபேசியில் எண்ணற்ற படங்களை எடுக்கிறோம். திரும்பப் பார்ப்பவை சில. இரண்டாம் எண் பிரௌனிக்காக 1901இல் பிறந்த 120 வகைச் சுருளோ இன்றும் தயாராகிறது. பல பிரௌனிகள் இப்போதும் படமெடுக்கின்றன. எண்ணி எடுப்பதில் ஏதோ நிறைவு இருப்பதால்தானே?

எனவே ஒரு விண்ணப்பம். பத்தாண்டுகளாக நம் மாதக் கூட்டங்களில் கவிதை வாசிக்கிறோம், கைதட்டுகிறோம், கலைகிறோம். இனி ஒருவர் வாசித்த கவிதையை அடுத்த மாதம் திருத்திய வடிவில் மீண்டும் வாசிக்கட்டும். எந்த வரி போயிற்று, ஏன் போயிற்று என்று அவையில் பேசுவோம். வாசிப்போர் எண்ணிக்கை குறையலாம், குறையட்டும். புதிதாக வருபவரை வாசலில் நிறுத்தித் தகுதி கேட்க வேண்டாம். உள்ளே வந்தபின் இருட்டறை எங்கே இருக்கிறது என்று காட்டுவது மூத்தோர் கடமை. அதற்குள் நுழைந்து வேலை செய்வது அவரவர் பொறுப்பு.