சாப்பிடாத பாம்பும் முப்பது பிள்ளைகளும்

(வட்டார வள மையத்தில் நடந்த அறிவியல் ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வகுப்பறையில் உயிரினங்களை வளர்ப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு முன்னால் பேசியவர்கள் மீன்தொட்டி, பட்டுப்புழு, மண்புழு உரம் என்று நல்ல அனுபவங்களைச் சொல்லிவிட்டார்கள். நான் ஒரு பாம்பைப் பற்றிப் பேசப் போகிறேன். முன்வரிசையில் இருக்கும் டீச்சர் இப்போதே காலைத் தூக்கிக்கொண்டார். பயப்பட வேண்டாம், அது இங்கிலாந்தில் இருக்கிறது.

கணவரின் வேலை காரணமாக ஓராண்டு விடுப்பில் லெஸ்டர் நகரில் இருந்தேன். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு தொடக்கப் பள்ளிக்குத் தன்னார்வ உதவியாளராகப் போனேன். எனக்குக் கொடுத்த வகுப்பில் 30 பிள்ளைகள். மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு மலைப்பாம்பு. அங்கே ராயல் பைத்தான் என்கிறார்கள். அமெரிக்காவில் அதையே பால் பைத்தான் என்பார்களாம். பால் குடிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், இந்தப் பால் பந்து. பயந்தால் பந்துபோலச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அங்கே எலி வளையிலும் கறையான் புற்றிலும் பகல் முழுக்கப் பதுங்கியிருக்கும். அதற்கு விஷம் கிடையாது.

வீடு மாறிப் போன ஒரு குடும்பம் அதைப் பள்ளிக்குக் கொடுத்திருந்தது. வயது மூன்று. ஒரு கிலோவைத் தாண்டியிருக்க வேண்டிய பாம்பு 612 கிராம்தான் இருந்தது. நல்ல நிலையில் உள்ள மலைப்பாம்பின் முதுகு உருண்டு திரண்டிருக்கும். இதற்கு முதுகெலும்பு ஓட்டுவீட்டு முகடு மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. வளையும் இடங்களில் தோல் மடிப்பு மடிப்பாக விழுந்தது. இரண்டு மாதமாக எதையும் தொடவில்லை என்றார்கள்.

நமக்கு உடனே என்ன தோன்றும்? நிறையச் சாப்பிட வைக்க வேண்டும். வகுப்பாசிரியையும் நானும் அதைத்தான் செய்தோம். அங்கே கடையில் உறைந்த எலி கிடைக்கும். வழக்கமான அளவைவிடப் பெரிதாக ஒன்றை வாங்கி, உறைநிலை நீக்கி, வெந்நீரில் சூடேற்றி இடுக்கியில் நீட்டினோம். ஒரு வியாழக்கிழமை மாலை பிடித்து விழுங்கிவிட்டது. மறுநாள் காலையில் செய்தி கேட்டுப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அன்று மாலை, அதாவது வெள்ளிக்கிழமை, கடைசியாக வகுப்பை விட்டு வெளியேறியது நான். இருபது ஆண்டுப் பழக்கம். மின்விசிறி, விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவேன். பெட்டியின் வெப்ப விளக்குக்கான பிளக்கையும் பிடுங்கினேன். பிப்ரவரி மாதம். திங்கட்கிழமை கதவைத் திறந்தபோதே நாற்றம். முழு எலியும் வெளியே கிடந்தது.

பாம்புக்கு உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் வசதி இல்லை என்று எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். வெளிச்சூடு இல்லாவிட்டால் செரிமானம் நின்றுபோகும், வயிற்றில் எலி அழுகத் தொடங்கும், பாம்பு அதைக் கக்கிவிடும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. கக்கும்போது நீர்ச்சத்தும் போய்விடுகிறது. மெலிந்த பாம்பு இப்படி இரண்டு மூன்று முறை கக்கினால் பிழைப்பது கடினம்.

ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். வாயில் புண் இருக்கிறதா, செதிலுக்கடியில் உண்ணி இருக்கிறதா என்று பார்த்தார். எச்சத்தைச் சோதித்தார், புழு இல்லை. அப்புறம் கேள்வி கேட்டார். ஒன்றுகூட உணவைப் பற்றி இல்லை. பெட்டியின் இரு முனையிலும் வெப்பநிலை என்ன? ஈரப்பதம் எவ்வளவு? ஒளிந்துகொள்ள இடம் உண்டா? யார் யார் வெளியே எடுக்கிறீர்கள்? முதல் மூன்றுக்கும் எங்களிடம் பதில் இல்லை. நான்காவதற்கு இருந்தது: தினமும் மதிய உணவுக்குப் பிறகு எல்லாரும்.

பெட்டியை மாற்றினோம். ஒரு முனை 31, 32 டிகிரி, மறுமுனை 25 டிகிரி. இரண்டுக்கும் நடுவே எங்கே படுப்பது என்று பாம்பே முடிவுசெய்யும். சூட்டைக் கட்டுப்படுத்த ஒரு தெர்மோஸ்டாட். இரு முனையிலும் உடம்பு உரசும் அளவுக்குக் குறுகலான ஒளிவிடம் ஒவ்வொன்று. விசாலமான குகை அதற்குப் பாதுகாப்பாகத் தோன்றாதாம். கண்ணாடியின் மூன்று பக்கமும் தாள் ஒட்டினோம்.

தூக்குவதை நிறுத்துவதுதான் பெரிய பாடு. ஒரு பெண் குழந்தை எழுந்து, "நாங்கள் தூக்கியதால்தான் சாப்பிடவில்லையா?" என்று கேட்டாள். நானாக இருந்தால், "சேச்சே, அப்படியெல்லாம் இல்லை கண்ணு" என்று சொல்லியிருப்பேன். வகுப்பாசிரியை, "அதுவும் ஒரு காரணம்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். பிளக்கைப் பிடுங்கியது நான்தான் என்று 30 முகங்களுக்கு முன்னால் சொன்னேன். யாரும் திட்டவில்லை. பாம்பு தேறும்வரை தொடுவதில்லை என்று அவர்களே கைதூக்கி முடிவெடுத்தார்கள். அடுத்த நாள் முறை வரவேண்டிய பையன் மட்டும் அழுதான். மதியத்துக்குள் பிளக்கின்மேல் மண்டையோடு வரைந்த தாள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது.

பதினான்கு நாள் வெறும் தண்ணீர். பெரியவர்களுக்கே பொறுக்கவில்லை. மெலிந்த உயிரைப் பட்டினி போடுவதா? ஆனால் காரணம் இருக்கிறது. பட்டினி கிடக்கும் மலைப்பாம்பின் குடல் சுருங்கிவிடும். இரை உள்ளே போனதும் ஓரிரு நாளில் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பர்மிய மலைப்பாம்பில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த வளர்ச்சிக்கான செலவைப் பாம்பு தன் கையிருப்பிலிருந்துதான் கொடுக்க வேண்டும். கையிருப்பே இல்லாத பாம்புக்குப் பெரிய விருந்து வைத்தால் அது சுமைதான்.

அதனால் 25 கிராம் சுண்டெலியில் தொடங்கினோம். முதல் தடவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எடுத்து எறிந்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்தோம். இரண்டாவது தடவை நாக்கை நீட்டி மோப்பம் பிடித்துவிட்டுப் போய்விட்டது. வாயைப் பிளந்து திணித்துவிடலாமா என்று நான் கேட்டேன். அது மருத்துவர் கடைசிக் கட்டத்தில் செய்ய வேண்டியது, நாம் செய்தால் தொண்டை கிழியும் என்றார்கள். மூன்றாவது தடவை, பிள்ளைகள் போன பிறகு, விளக்கை அணைத்து, வாசலில் நீட்டினோம். பிடித்தது. இரண்டு நாள் யாரும் பெட்டிப் பக்கம் போகவில்லை. கக்கவில்லை.

பிறகு பத்து நாளுக்கு ஒருமுறை, மெல்ல மெல்லக் கூட்டி, உடல் எடையில் பத்தில் ஒரு பங்குவரை. அந்தப் பத்தில் ஒரு பங்கைக் கணக்கிடுவது பிள்ளைகளின் வேலை. பாம்பைத் தொடாமல், அது சுருண்டிருக்கும் ஒளிவிடப் பெட்டியோடு ஆசிரியை சமையலறைத் தராசில் வைப்பார். பெட்டி எடையை அவர்கள் கழித்துக்கொள்வார்கள். 587, 581, 590, 588. 588 வந்த அன்று பெரிய விவாதம். பழையபடி மெலிகிறதா? பெட்டியைத் தேடிய ஒருவன் எச்சத்தைக் கண்டுபிடித்து வழக்கைத் தீர்த்தான். பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவ ஓடினான். ஊர்வனவற்றிடம் சால்மோனெல்லா இருக்கும் என்பது அங்கே முதல் விதி. ஜூலையில் நான் கிளம்பும்போது 742 கிராம். முகடு மறைந்திருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். நல்ல நிலையில் உள்ள ராயல் பைத்தான்கூடச் சில மாதம் சாப்பிடாமல் இருக்கும். எடை குறையாதவரை கவலையில்லை. தராசு இல்லாமல் அந்த வித்தியாசம் தெரியாது.

திரும்பி வந்து ஏழாம் வகுப்பில் இதைச் சொன்னபோது வந்த முதல் கேள்வி: "பால் ஊத்துனீங்களா டீச்சர்?" பாம்புக்குப் பாலைச் செரிக்க முடியாது. பாம்பாட்டியின் கூடையில் நாள்கணக்கில் தண்ணீர் காட்டாமல் வைத்த பாம்பு, தாகத்தில் எந்தத் திரவத்தையும் குடிக்கும். பல்லைப் பிடுங்கி வாயைத் தைத்த பாம்பு இரை எடுப்பதே இல்லை. நம் ஊரில் பட்டினியால் மெலிந்த பாம்பைப் பார்க்க வேண்டுமானால் அந்தக் கூடையில்தான் பார்க்கலாம். நம் நாட்டுப் பாம்பைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே நம் வகுப்பறையில் பாம்புப் பெட்டி கிடையாது. அடிபட்டோ மெலிந்தோ ஒன்றைப் பார்த்தால் பிடிக்காதீர்கள், எதுவும் ஊட்டாதீர்கள். பிள்ளைகளைத் தள்ளி நிற்கவைத்துவிட்டு வனத்துறைக்கோ, 101இல் தீயணைப்புத் துறைக்கோ சொல்லுங்கள்.

போன மாதம் அந்த வகுப்பாசிரியை ஒரு படம் அனுப்பியிருந்தார். தராசில் 1,040 கிராம். ஓரத்தில் பிளக் தெரிகிறது. மண்டையோடு இன்னும் அங்கேயே இருக்கிறது.