எந்தை, நுந்தை, தந்தை



அண்மையில் எம் தெரு மாணவன் ஒருவன் தன் கட்டுரைச் சுவடியைக் கொணர்ந்து காட்டினான். நண்பனுக்கு எழுதும் மடலில் 'நுந்தை நலமா?' என எழுதியிருந்தான். ஆசிரியர் அதனைச் சிவப்பு மையால் அடித்து, 'உன் தந்தை' எனத் திருத்தி, ஒரு மதிப்பெண்ணும் குறைத்திருந்தார். "ஐயா, நான் எழுதியது பிழையா?" என்றான். அவனுக்குச் சொன்ன விடையையே இங்கு விரித்துரைக்கின்றேன்.

தந்தை என்பதை இன்று யார் அப்பனுக்கும் பொதுவாக வழங்குகிறோம். பண்டு அஃது அத்துணைப் பொதுச்சொல் அன்று. என் அப்பன் எந்தை. உன் அப்பன் நுந்தை. பிறன் அப்பனே தந்தை. எம், நும், தம் என்னும் உரிமை சொல்லின் தலையிலேயே நிற்கக் காண்கிறோம். அன்னையும் அவ்வாறே: என் அன்னை யாய், உன் அன்னை ஞாய், பிறன் அன்னை தாய். குறுந்தொகை 40ஆம் பாட்டில் காதலன் இரு குடிகளின் பெற்றோரையும் யாய், ஞாய், எந்தை, நுந்தை என நான்கே சொற்களில் எதிரெதிர் நிறுத்திவிடுகிறான். 'என்', 'உன்' எனும் அடைகள் அவனுக்கு வேண்டப்படவில்லை!

உடன்பிறந்தார்க்கும் இம்முறையே. எம்பி, நும்பி, தம்பி. எங்கை, நுங்கை, தங்கை. 'தம் பின்' பிறந்தவன் தம்பி, மூத்தவன் தம்முன். திருக்குறள் 167இல் திருமகளின் மூத்தாளைக் குறிக்கும் தவ்வை என்பதும் தம் அவ்வையே. அங்ஙனமாயின், 'என் தம்பி' என்னும்போது 'என்னுடைய அவர்தம் பின்னவன்' என்றன்றோ சொல்கிறோம்! நகைக்கத் தோன்றுகிறது. ஆயினும் வழக்கு நிலைத்துவிட்டது; அதனைப் பிழையென்று யான் கூறேன். எந்தையையும் நுந்தையையும் பிழையென்று பிறர் அடிக்கும்போதுதான் நெஞ்சு பொறுப்பதில்லை.

தம் வடிவமே வென்றது தமிழில் மட்டுமன்று. கன்னடத்தில் தந்தெ, தாயி, தங்கி. தெலுங்கில் தண்ட்ரி, தம்முடு. எந்தையோ இல்லத்தை விட்டகன்று கோயிலில் தங்கிவிட்டது. திருவாசகத்தில் இறைவனை விளிக்கும் எந்தாய் அதுவே.

நுந்தைக்கோ தனிச்சிறப்பே உண்டு. மொழிமுதலில் குற்றியலுகரம் வருதற்குத் தொல்காப்பியம் முறைப்பெயரில் மட்டுமே இடந்தருகிறது. அம்முறைப்பெயர் நுந்தையே என உரையாசிரியர் காட்டுவர்.

இவற்றைச் சொல்லி, தொல்காப்பிய உரைநூலையும் சுவடியோடு கொடுத்தனுப்பினேன். மறுநாள் மாலை மதிப்பெண் திரும்பியிருந்தது. நூல்தான் இன்னும் திரும்பவில்லை.