சுவர் தெரியாத அறை

(பெங்களூரில் ஒரு எழுத்தறிவு மையத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியது)



டீச்சர் என்னைப் பேசச் சொன்னார். எனக்கு மேடைப் பேச்சு வராது. ஆனால் நீங்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "மாலில் உனக்கு என்ன வேலை?" என்று. "கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிறவர்கள் விழாமல் பார்த்துக்கொள்வது என் வேலை" என்று சொன்னால் சிரிக்கிறீர்கள். அது உண்மைதான். அதை இன்று விளக்கமாகச் சொல்கிறேன்.

எங்கள் மாலில் மூன்றாவது மாடியில் ஒரு விளையாட்டுக் கூடம் இருக்கிறது. அதில் ஓர் அறை. நீளம் 12 அடி. அகலம் 12 அடி. நம் தெருவில் ஒரு குடும்பமே அந்த அளவு இடத்தில் வாழ்கிறது. அங்கே அது ஒருவர் ஆடுவதற்கு மட்டும்! அறையில் மேசை இல்லை, நாற்காலி இல்லை. தரையில் ரப்பர் பாய் மட்டும்தான்.

ஆட வருகிறவர் தலையில் ஒரு கருவியை மாட்டுவோம். அதற்கு ஹெட்செட் என்று பெயர். எடை அரைக் கிலோ இருக்கும். உள்ளே ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு சின்னத் திரை. திரைக்கு முன்னால் ஒரு லென்ஸ். இரண்டு கையிலும் இரண்டு கைப்பிடிகள். மாட்டியதும் அறை மறைந்துவிடும். சுவர் மறைந்துவிடும். நானும் மறைந்துவிடுவேன். அவர் கண்ணுக்குக் கடலின் அடிப்பகுதி தெரியும். அல்லது மலை உச்சி தெரியும். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். குனிந்தால் தரை கிட்டே வரும். ஓர் அடி எடுத்து வைத்தால் அங்கேயும் ஓர் அடி நகர்ந்திருப்பார்.

இதுதான் இதில் புதுமை. டி.வி. விளையாட்டில் உட்கார்ந்த இடத்தில் பொத்தானை அழுத்துவார்கள். இதில் பொத்தான் வேலை கொஞ்சம்தான். குனிய வேண்டும், ஒதுங்க வேண்டும், கையை வீச வேண்டும், நடக்க வேண்டும். பத்து நிமிடத்தில் வியர்த்துக் கொட்டும். நம் சித்தாள் அக்கா ஒருவர் என்னிடம் கேட்டார். "நாங்கள் காசு வாங்கிக்கொண்டு குனிந்து நிமிர்கிறோம். அவர்கள் காசு கொடுத்துக் குனிந்து நிமிர்கிறார்களா?" என்று. ஆமாம் அக்கா, அப்படித்தான்!

ஆடுகிறவர் எங்கே நிற்கிறார் என்று அந்தக் கருவிக்கு எப்படித் தெரியும்? நானும் முதலில் இதை நினைத்து வியந்தேன். அறையின் எதிர் எதிர் மூலைகளில், உயரத்தில் இரண்டு சின்னப் பெட்டிகள் இருக்கின்றன. கடற்கரையில் கலங்கரை விளக்கம் பார்த்திருப்பீர்கள். அதன் ஒளி சுற்றிச் சுற்றி வரும். இந்தப் பெட்டிகளும் அதே மாதிரிதான். உள்ளே சக்கரம் ஒரு நொடிக்கு 60 முறை சுற்றுகிறது. நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியால் அறையைப் பெருக்குகிறது. ஹெட்செட்டின் மேலே 30-க்கும் அதிகமான ஒளி உணரும் புள்ளிகள் உண்டு. எந்தப் புள்ளியில் எந்த நேரத்தில் ஒளி பட்டது என்று கணினி கணக்குப் போடுகிறது. அதிலிருந்து தலை எங்கே, எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கண்டுபிடிக்கிறது. அந்தக் கணக்குக்கு ஏற்றபடி நொடிக்கு 90 படங்கள் மாறுகின்றன. இந்த ஏற்பாட்டுக்குப் பெயரே ஆங்கிலத்தில் கலங்கரை விளக்கம் என்பதுதான்.

எங்களிடம் இருப்பது வைவ் என்ற கருவி. தைவான் நாட்டு எச்.டி.சி. நிறுவனமும் அமெரிக்காவின் வால்வ் நிறுவனமும் சேர்ந்து செய்தவை. 2016-ல் விற்பனைக்கு வந்தது. ஆனால் இந்த யோசனை பழையது. 1968-லேயே அமெரிக்காவில் ஐவன் சதர்லாந்து என்பவர் தலையில் மாட்டும் திரையைச் செய்துவிட்டார்.  அதைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். 2019-ல் குவெஸ்ட் என்ற கருவி வந்தது. அதற்கு மூலைப் பெட்டியும் வேண்டாம், வயரும் வேண்டாம். கருவியிலேயே நான்கு கேமராக்கள் இருந்தன. அவை அறையைப் பார்த்து இடத்தைக் கணக்கிட்டன.

எங்கள் கருவிக்கு வயர் உண்டு. ஹெட்செட்டின் பின்னாலிருந்து ஒரு நீண்ட வயர் கணினிக்குப் போகும். ஆடுகிறவர் சுற்றினால் வயர் காலில் சுற்றும். அந்த வயரைத் தூக்கிப் பிடிப்பது என் முதல் வேலை. மாட்டுக்குப் பின்னால் கயிறு பிடித்து நடக்கிற மாதிரி நான் அவர் பின்னாலேயே நடப்பேன். ஒவ்வொருவரும் ஆடி முடித்ததும் லென்ஸைத் துடைப்பேன். குங்குமம், விபூதி, வியர்வை எல்லாம் அதில் ஒட்டியிருக்கும்.

சுவரில் மோதாமல் இருக்கவும் ஓர் ஏற்பாடு உண்டு. ஆடுகிறவர் எல்லைக்குப் பக்கத்தில் போனால், அவர் கண் முன்னால் கோடுகளால் ஆன ஒரு வலை தோன்றும். "இதற்கு மேல் வராதே" என்று அர்த்தம். மெதுவாக நடக்கிறவர் நின்றுவிடுவார். வேகமாகக் கை வீசுகிறவருக்கு வலை தெரிவதற்குள் கை சுவரில் பட்டுவிடும். வீட்டில் ஆடுகிறவர்களுக்கும் இதே கதைதான். இங்கிலாந்தில் அவிவா என்ற காப்பீட்டு நிறுவனம் கணக்குச் சொன்னது. இந்த ஹெட்செட்டால் வீட்டில் பொருள்கள் உடைந்தன என்று இழப்பீடு கேட்டவர்கள் 2021-ல் மட்டும் 31 சதவீதம் கூடினார்களாம். அதில் உடைந்த டி.வி.க்கள் உண்டு.

எல்லா விளையாட்டையும் சொல்ல நேரம் இல்லை. பீட் சேபர் என்று ஒன்று. செக் நாட்டு நிறுவனம் ஒன்று செய்தது. 2018-ல் வந்தது. பாட்டின் தாளத்துக்கு ஏற்பக் கட்டைகள் பறந்து வரும். இரண்டு கை வாளாலும் வெட்ட வேண்டும். கூட்டம் அதிகம் வருவது இதற்குத்தான்.

நான் சொல்ல வந்தது இன்னொரு விளையாட்டைப் பற்றி. ஆஸ்திரேலியாவில் செய்தது. லிஃப்டில் ஏறி 80-வது மாடிக்குப் போகிற மாதிரி காட்சி. கதவு திறக்கும். வெளியே ஒரு மரப்பலகை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் நடக்க வேண்டும். கீழே தெரு எறும்பு மாதிரி தெரியும். எங்கள் கூடத்தில் ஒரு நிஜப் பலகையையே தரையில் போட்டிருந்தோம். உயரம் ஒரு அங்குலம்தான். காலுக்கும் பலகை, கண்ணுக்கும் பலகை. மூளை நம்பிவிடும். வாட்டசாட்டமான பையன்கள்கூட அந்தப் பலகையில் நடுங்குவார்கள். "இது பொய்" என்று அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் கால் கேட்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு பெரியவர் மகளோடு வந்தார். வயது 55 இருக்கலாம். படித்தவர். பேச்சில் தெரிந்தது. நான் வழக்கம்போல ஒரு தாளை நீட்டினேன். முழுவதும் ஆங்கிலம். "கையெழுத்து வாங்கிவிட்டு உள்ளே விடு" என்று மேலாளர் சொல்லியிருந்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவரும் படிக்கவில்லை. பேனாவை வாங்கிப் போட்டுவிட்டார்.

பலகையில் நான்கு அடி நடந்தார். ஐந்தாவது அடியில் கால் பலகையை விட்டு விலகியது. அவர் கண்ணுக்கு 80 மாடியிலிருந்து கீழே விழுகிறார். முட்டி மடங்கியது. கையை முன்னால் வீசினார். கை சுவரில் மோதி, அதன் மேலேயே உடம்பு விழுந்தது. மணிக்கட்டு எலும்பு முறிந்தது. நான் எங்கே இருந்தேன்? பின்னால் வயரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வயர் பத்திரமாக இருந்தது.

அவருக்குத் தலைசுற்றல் நோய் இருந்திருக்கிறது. மருந்து சாப்பிட்டு வந்திருக்கிறார். அந்தத் தாளில் நான்காவது வரியில் அது இருந்ததாம். தலைசுற்றல் உள்ளவர்கள் ஆட வேண்டாம் என்று. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எனக்கு மூன்று நாள் சம்பளம் பிடித்தார்கள். அதைவிட அந்த மகள் என்னைப் பார்த்த பார்வைதான் மனதில் நின்றது.

அடுத்த வாரம் அந்தத் தாளை இங்கே கொண்டு வந்தேன். உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். டீச்சர் வரிவரியாகச் சொன்னார். நான் தமிழில் எழுதிக்கொண்டேன். இதய நோய், வலிப்பு நோய், தலைசுற்றல், கர்ப்பம், புதிதாக அறுவை சிகிச்சை ஆனவர்கள். மினுக்கு மினுக்கு என்று மாறும் ஒளியால் சிலருக்கு வலிப்பு வரலாம். 4000 பேரில் ஒருவருக்கு அப்படி ஆகலாம் என்று ஒரு கருவியின் எச்சரிக்கைத் தாளிலேயே இருந்திருக்கிறது. கன்னடத்தில் எழுதப் பக்கத்து வீட்டுத் தங்கை உதவினாள்.

இப்போது நான் தாளை நீட்டுவதில்லை. முதலில் வாசித்துக் காட்டுகிறேன். தமிழருக்குத் தமிழில், மற்றவர்களுக்குக் கன்னடத்தில். இன்னும் வேகமாக வாசிக்க வரவில்லை. சிலர், "சீக்கிரம் விடும்மா" என்று எரிச்சல்படுவார்கள். மேலாளரும் முதலில் முணுமுணுத்தார். ஒருநாள் ஒரு சின்னப் பெண் கணவரோடு வந்தாள். "கர்ப்பிணிகள்" என்று நான் வாசித்ததும் அவள் கணவரின் கையைப் பிடித்தாள். அவருக்கே அவள் அப்போதுதான் சொன்னாள்! இருவரும் ஆடாமல் ஐஸ்கிரீம் கடைக்குப் போனார்கள். மேலாளர் அன்று முணுமுணுக்கவில்லை.

சின்னக் குழந்தைகளை வைத்துத்தான் எனக்குத் தினமும் சண்டை. ஐந்து வயதுப் பிள்ளையைக் கூட்டி வந்து, "ஒரே ஒரு நிமிடம்" என்பார்கள். இந்த லென்ஸ்கள் பெரியவர்களின் கண்களுக்கு ஏற்ற இடைவெளியில் இருக்கின்றன. குழந்தையின் இரண்டு கண்களும் இன்னும் நெருக்கமாக இருக்கும். படம் சரியாகப் பொருந்தாது. குவெஸ்ட் கருவிக்கு முதலில் 13 வயது என்று வைத்திருந்தார்கள். 2023-ல் பெற்றோர் கண்காணிப்பில் 10 வயது என்று குறைத்தார்கள். ஐந்து வயது என்று எங்கேயும் இல்லை. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஒரு அண்ணன் போன வாரம் கேட்டார், "வாந்தி வருமா?" என்று. சில விளையாட்டில் வரும். மலைப்பாதையில் பஸ் வளையும்போது ஏன் குமட்டுகிறது? கண் ஒன்று சொல்கிறது, காதுக்கு உள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்று சொல்கிறது. இங்கேயும் அதே சிக்கல்தான். உடம்பு சும்மா நிற்கும்போது காட்சி மட்டும் ஓடினால் குமட்டும். சொந்தக் காலில் நடந்து ஆடும்போது கண்ணும் காதும் ஒத்துப்போகும். குமட்டல் குறையும்.

ஆனால் அறை 12 அடிதானே? நீண்ட தூரம் எப்படி நடப்பது? இதற்கு ஒரு தந்திரம் செய்திருக்கிறார்கள். 2001-ல் அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஷரீஃப் ரசாக் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் இதைக் காட்டினார்கள். ஆடுகிறவருக்குத் தெரியாமல் காட்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார்கள். அவரும் அறியாமல் உடம்பைத் திருப்பிக்கொள்வார். நேராகப் போகிறோம் என்று நினைப்பார். உண்மையில் வளைந்து வந்துகொண்டிருப்பார். இதை நன்றாகச் செய்ய எங்கள் அறையைவிடப் பெரிய இடம் வேண்டும்.

"அது எப்படி, வளைந்து நடப்பது தெரியாமலா போகும்?" என்று கேட்கிறீர்கள். ஜெர்மனியில் 2009-ல் இதைச் சோதித்தார்கள். கண்ணைக் கட்டிவிட்டு, பெரிய மைதானத்தில் நேராக நடக்கச் சொன்னார்கள். மனிதர்கள் வட்டம் போட்டார்கள்! சில வட்டங்களின் குறுக்களவு 20 மீட்டர்தான். அவர்களோ நேராக நடப்பதாகவே நினைத்தார்கள்.

நம்ப முடியவில்லையா? இன்று நிலா வெளிச்சம் இருக்கிறது. பள்ளி மைதானம் காலியாக இருக்கிறது. வாசலிலிருந்து வேப்பமரம் வரை சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். இதோ, கண்ணைக் கட்டத் துண்டும் இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள். தலைசுற்றல் உள்ளவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள் உட்கார்ந்து பாருங்கள். சித்தாள் அக்கா, நீங்கள் முதலில் வருகிறீர்களா? நான் பக்கத்திலேயே நடக்கிறேன். இந்த முறை என் கையில் வயர் இல்லை.